பூவையும் விதையையும் ஒரே பாடமாக்குங்கள்: அறிவியல் பாடம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும், பாடநூல் எழுதுவோருக்கும், தொடக்க, நடுநிலை வகுப்புகளில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பூவின் பாகங்கள் ஒரு பாடம். தாவரத்தின் வாழ்க்கைச் சுழற்சி வேறொரு பாடம். பல பாடநூல்களில் இவை தனித்தனி அலகுகளில் இருக்கின்றன. சில நூல்களில் வேறு வேறு வகுப்புகளுக்கே போய்விடுகின்றன. முதல் பாடத்தில் குழந்தை பூவின் நெடுக்குவெட்டுப் படத்தை வரைந்து பத்துப் பெயர்களைக் குறிக்கிறது. இரண்டாவதில் விதை, நாற்று, செடி, பூ, மறுபடி விதை என்று வட்டமாக அம்புக்குறி போடுகிறது. இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கிய குழந்தையின் கையில் ஒரு வெண்டைக்காயைக் கொடுத்து, "பூவில் இது எந்தப் பாகமாக இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. குழந்தையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பூவின் சூற்பைதான் காயாகிறது, அதற்குள் இருக்கும் சூல்தான் விதையாகிறது என்ற செய்தி இரண்டு பாடங்களுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போய்விடுகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. இரண்டையும் ஒரே பாடமாக்குங்கள். படத்தில் தொடங்காமல் கையில் இருக்கும் பூவில் தொடங்குங்கள். வகுப்பு வளர்க்கும் ஒரு செடி பூத்து, காய்த்து, விதை தரும்வரை அந்தப் பாடத்தை முடிக்காதீர்கள். அதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்பதை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், எந்தப் பூ என்ற கேள்வி. வகுப்பறையில் பெரும்பாலும் செம்பருத்தியைத்தான் எடுக்கிறார்கள். பெரிய பூ, இதழ் ஐந்து, நிறமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் முதல் பூவாக அது பொருந்தாது. அதன் மகரந்தக் கம்பிகள் எல்லாம் ஒன்றாக இணைந்து ஒரு குழலாகிவிடுகின்றன. சூலகத் தண்டு அந்தக் குழலுக்குள்ளேயே ஓடி, உச்சியில் ஐந்து கிளையாகப் பிரிந்து வெளியே வருகிறது. ஆண் பகுதியான மகரந்தத்தாளும் பெண் பகுதியான சூலகமும் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதால், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தூண் முழுவதையும் "சூலகம்" என்றோ "மகரந்தத்தாள்" என்றோ குழந்தை பதிய வைத்துக்கொள்கிறது. அடுக்குச் செம்பருத்தியாக இருந்தால் இன்னும் சிக்கல். மகரந்தத்தாள்களில் பல இதழாகவே மாறியிருக்கும், எண்ணிக்கை எதுவும் பாடநூலோடு ஒத்துவராது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டச் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. காய்க்காத பூவை வைத்துத் தொடங்கினால் வாழ்க்கைச் சுழற்சிக்குப் போக வழியே இருக்காது.

முதல் பூவுக்கு மூன்று தகுதிகள் வேண்டும். பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்க வேண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவு வேண்டும். அதே கிளையில் காயும் கிடைக்க வேண்டும். மயில்கொன்றை இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது. வெளி வட்டத்தில் புல்லி இதழ் ஐந்து, அதற்கு உள்ளே அல்லி இதழ் ஐந்து, அல்லியில் ஒன்று மட்டும் சிறியது. இணையாமல் தனித்தனியாக நீளும் பத்து மகரந்தத்தாள்கள். நடுவில் ஒரே ஒரு சூலகம். அதன் அடிப்பகுதி பார்த்தவுடனே குட்டிக் காய் என்று தெரியும்படி தட்டையாக, பச்சையாக இருக்கும். மயில்கொன்றை கிடைக்காத இடத்தில் கடுகுச் செடி போதும். பூ சிறியது, கைலென்ஸ் வேண்டியிருக்கும். ஆனால் புல்லி நான்கு, அல்லி நான்கு, மகரந்தத்தாள் ஆறு (நான்கு நெட்டை, இரண்டு குட்டை), சூலகம் ஒன்று என்று கணக்கு மாறாமல் வரும்.

இந்த இரண்டு செடிகளையும் நாங்கள் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. இவற்றின் பூங்கொத்து அடியிலிருந்து நுனி நோக்கி மலரும். அதனால் ஒரே காம்பின் நுனியில் மொட்டு, அதற்குக் கீழே இன்று விரிந்த பூ, அதற்கும் கீழே இதழ் உதிர்ந்த பூ, அடியில் காய் என்று காலம் முழுவதும் வரிசையாக நிற்கும். அந்தக் காம்பை மேசையில் படுக்க வைத்து, நுனியிலிருந்து அடிவரை ஒவ்வொன்றாகக் கிள்ளி ஒரு வெள்ளைத் தாளில் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் சூற்பையின் நீளத்தை அளந்து பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மொட்டில் சில மில்லிமீட்டராக இருந்தது அடியில் பல சென்டிமீட்டர் காயாக முடியும். பூ எப்போது முடிகிறது, காய் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் குழந்தைகள் கோடு போட முடியாமல் திணறுவார்கள். திணறட்டும். அங்கே கோடு கிடையாது என்பதைத்தான் இந்தப் பாடம் சொல்ல வேண்டும்.

பூவைப் பிரிக்கும் முறை. இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பூ, மேலும் பாதிக்குப் பாதி உபரி. முதல் பூ எப்படியும் கிழியும். காலையிலேயே பறித்து, காம்பு தண்ணீரில் இருக்கும்படி வையுங்கள். பிற்பகலில் பறித்தால் மகரந்தப்பைகள் காலியாகவும் இதழ்கள் வாடியும் இருக்கும். வகுப்புக்குள் கொண்டுவருமுன் ஒவ்வொரு பூவையும் வெளியே தட்டி எறும்பையும் வண்டையும் விரட்டிவிடுங்கள். வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் புல்லி, பிறகு அல்லி, பிறகு மகரந்தத்தாள், கடைசியில் சூலகம். ஒவ்வொரு பாகத்தையும் அடியில் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் முழுசாக வரும். நுனியைப் பிடித்து இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். பிரித்ததை அந்தந்த வரிசையிலேயே ஒட்டுநாடாவால் தாளில் ஒட்டி, எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுதுவது அப்புறம்.

சூற்பையை வெட்டுவது ஆசிரியரின் வேலை. புதிய பிளேடு வேண்டும்; மழுங்கியது நசுக்கிவிடும். மயில்கொன்றை, கடுகு, பட்டாணி போல நீளமான சூற்பையை நெடுக்காகக் கீற வேண்டும்; அப்போதுதான் சூல்கள் வரிசையாகத் தெரியும். செம்பருத்தி, வெண்டை, தக்காளி போல அறைகள் உள்ளதைக் குறுக்கே, சரிபாதி உயரத்தில் வெட்ட வேண்டும். இதை மாற்றிச் செய்வதால்தான் "புத்தகத்தில் ஐந்து அறை என்று இருக்கிறது, இங்கே இரண்டுதான் தெரிகிறது" என்ற குழப்பம் வருகிறது. ரொம்பக் கீழே வெட்டினால் பூவைத் தாங்கும் காம்பு நுனியான பூத்தளத்தைத்தான் வெட்டியிருப்பீர்கள்; திடமாக, அறை எதுவும் இல்லாமல் இருக்கும். வெட்டியதைக் கறுப்புத் தாளின் மேல் வைத்தால் வெண்ணிறச் சூல்கள் எடுப்பாகத் தெரியும். வெள்ளைத் தாளில் தெரியாது.

செம்பருத்தியை இரண்டாவது பூவாக எடுத்துக்கொள்ளலாம், அதுவும் பயனுள்ளதுதான். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். அதன் இதழ்களின் அடி மகரந்தக் குழலோடு ஒட்டியிருக்கும். இதழை இழுத்தால் குழலும் கூடவே வரும். அதனால் ஒரு குண்டூசியால் குழலை அடியிலிருந்து மேலாகக் கீறிப் பிரியுங்கள். உள்ளே மெல்லிய வெள்ளை இழையாகச் சூலகத் தண்டு கிடக்கும். அதைக் கீழே தொடர்ந்து போனால் சூற்பை, மேலே தொடர்ந்து போனால் வெல்வெட்டுப் போன்ற ஐந்து சூலக முடிகள். இரண்டு பாகங்களும் தனித்தனி என்பதைக் குழந்தையின் விரலே கண்டுபிடித்துவிடும். வெளியே புல்லிக்கும் கீழே குறுகலான பச்சை இதழ்கள் சில இருக்கும். அது புறப்புல்லி வட்டம். அதையும் புல்லியோடு சேர்த்து எண்ணிவிட்டு "ஐந்து வரவில்லையே" என்று முழிப்பது வழக்கம்.

முதல் நாளில் எத்தனை பெயர்கள்? மூன்று போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து: மகரந்தம், சூலக முடி, சூல். எதுவோ எங்கிருந்தோ போய் எங்கோ சேர வேண்டும் என்ற செயல் இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது. மகரந்தக் கம்பி, சூலகத் தண்டு, பூத்தளம் எல்லாம் அந்தச் செயலுக்குத் துணை நிற்பவை; செயல் புரிந்தபின் அவற்றின் பெயர் தானாகத் தங்கும். எட்டு வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டு பெயர்களை ஒரே பலகையில் எழுதிப்போட்டால், அது பெயரைத்தான் பார்க்கும், பூவைப் பார்க்காது. ஆண் பகுதி, பெண் பகுதி என்று நேராகச் சொல்லுங்கள். மழுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

மகரந்தத்தைக் காட்டுவது எளிது. மகரந்தப்பையின் மேல் ஒட்டுநாடாவை மெதுவாக அழுத்தி எடுத்துக் கறுப்புத் தாளில் ஒட்டுங்கள். அதே தாளில் சூலக முடியையும் தொட்டு எடுத்த நாடா ஒன்று. முதலில் இருந்த அதே தூள் இரண்டாவதிலும் சில இடங்களில் ஒட்டியிருந்தால், மகரந்தச் சேர்க்கை நடந்திருக்கிறது என்று பொருள். நுண்ணோக்கி இருக்கும் பள்ளிகளில், பத்து கிராம் சர்க்கரையை 100 மில்லி தண்ணீர் அளவுக்குக் கரைத்து, அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, காசித்தும்பை அல்லது நித்தியகல்யாணி மகரந்தத்தைத் தூவுங்கள். 15 முதல் 30 நிமிடத்தில் மகரந்தத் தூளிலிருந்து குழாய் முளைப்பது தெரியும். அன்று விரிந்த பூவின் மகரந்தமாக இருக்க வேண்டும். பழைய பூவென்றால் முளைக்காது. சர்க்கரை அதிகமானால் மகரந்தம் சுருங்கிவிடும், குறைந்தால் தண்ணீரை இழுத்து வெடித்துவிடும்.

மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றல்ல என்பதை இந்தக் குழாய்தான் விளக்கும். தூள் முடியில் ஒட்டுவது முதல் நிகழ்ச்சி. அங்கிருந்து குழாய் சூலகத் தண்டு வழியாக வளர்ந்து சூலை அடைவது இரண்டாவது. இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது பாடநூல்களில் அடிக்கடி நடக்கிறது. இதைப் புரியவைக்க மக்காச்சோளக் கதிரைவிடச் சிறந்த பொருள் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. கதிரின் நுனியில் தொங்கும் பட்டிழைகளில் ஒவ்வொன்றும் ஒரு சூலகத் தண்டு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு சூலுக்குப் போகிறது. ஓர் இழைக்கு ஒரு மணி. மகரந்தம் கிடைக்காத இழையின் இடத்தில் மணி இருக்காது, பொக்கையாக இருக்கும். மணிகள் விட்டுவிட்டு இருக்கும் கதிர் ஒன்றைத் தேடி எடுத்து வையுங்கள். அதுதான் பாடத்துக்குத் தேவை. செடியிலேயே இளங்கதிர் கிடைத்தால், மேல்தோலை நிதானமாக நீக்கிவிட்டு இலேசாக உதறுங்கள். கருவுற்ற சூலின் இழை கழன்று விழும்; கருவுறாததன் இழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

பூக்களில் ஆணும் பெண்ணும் உண்டு என்பதைச் சோதனையால் காட்டியவர் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ருடால்ஃப் யாக்கோப் கமெராரியஸ். ஆமணக்கில் ஆண் பூக்கள் விரியுமுன் கிள்ளி எறிந்தார். முளைக்கக்கூடிய விதை கிடைக்கவில்லை. மக்காச்சோளத்தில் பட்டிழைகளை வெட்டினார், மணி பிடிக்கவில்லை. இதை 1694இல், கீசன் நகரப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதமாகவே வெளியிட்டார். கருவி என்று அவருக்குத் தேவைப்பட்டது கத்திரியும் பொறுமையும்தான். அந்த அளவுக்கு எளிய சோதனையை நம் குழந்தைகள் ஏன் செய்து பார்க்கக் கூடாது?

பூசணியில் செய்யலாம். பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் இதழுக்குக் கீழே குட்டிப் பூசணி உருண்டையாக இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். மறுநாள் விரியப்போகும் மொட்டு நுனியில் மஞ்சள் காட்டும். அப்படிப்பட்ட பெண் மொட்டுகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து மாலையிலேயே மெல்லிய துணியாலோ காகிதப் பையாலோ மூடிக் கட்டுங்கள். ஆண் மொட்டு இரண்டையும் அப்படியே மூடுங்கள். பாலித்தீன் பை வேண்டாம். உள்ளே வியர்த்து மகரந்தம் நனைந்து கெடும். மறுநாள் காலை சீக்கிரமே, ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தப் பகுதியை இரண்டு பெண் பூக்களின் சூலக முடி முழுவதும் படும்படி தடவி, மறுபடி மூடுங்கள். மற்ற இரண்டைத் தொடாமல் மூடியே வையுங்கள். மூடாத பெண் பூ இரண்டையும் அடையாளம் கட்டி வண்டுகளுக்கு விட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் வித்தியாசம் தெரிந்துவிடும்: மகரந்தம் கிடைத்தது பருக்கும், கிடைக்காதது மஞ்சளாகிச் சுருங்கி விழும்.

தவறும் இடங்கள் இவை. நேரம் தப்பினால் பூ மூடிவிடும். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து முற்பகலிலேயே வாடத் தொடங்கும். பீர்க்கும் சுரையும் மாலையில் விரிபவை, அவற்றைப் பள்ளி நேரத்தில் பயன்படுத்த முடியாது. மகரந்தத்தை ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் கோணலாகப் பருக்கும், ஏனென்றால் கருவுறாத சூல்கள் இருக்கும் பக்கம் வளர்வதில்லை. இதுவும் ஒரு நல்ல பாடம்தான். கொடியில் ஏற்கெனவே காய்கள் இருந்தால், நன்றாக மகரந்தம் பெற்ற பிஞ்சைக்கூடக் கொடி உதிர்த்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு வகைக்கும் ஒன்றல்ல, இரண்டு பூ என்கிறோம். கொடி பூக்கத் தொடங்கும்போது முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. "பூக்கிறது, காய்க்கவில்லை" என்று யாரும் கொடியைப் பிடுங்கிவிட வேண்டாம். மூடிய பூவைக் கையால் பிரிக்குமுன் உள்ளே தேனீ இருக்கிறதா என்று பாருங்கள். வாடி மூடும் பூவுக்குள் அவை அடைபட்டிருப்பதுண்டு.

இனி விதை. ஈரப் பஞ்சில் பயறு முளைக்க வைப்பது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. முளைத்ததும் படம் வரைந்து பாடம் முடிகிறது. இரண்டு மூன்று வாரத்தில் நாற்று செத்துப்போகிறது. வித்திலைகளில் இருந்த சேமிப்பு தீரும்வரைதான் அது வளர முடியும். பஞ்சில் தாது உப்புகள் இல்லை. வேர் பஞ்சுக்குள் பின்னிக்கொள்வதால் மண்ணுக்கு மாற்றும்போது அறுந்துவிடும். பஞ்சுக்குப் பதில் காகிதத்தைப் பயன்படுத்துங்கள். பீன்ஸ் விதையை எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு நாளைத் தாண்டினால் காற்றில்லாமல் நொதித்து நாற்றமடிக்கும். ஊறியதைத் துடைத்து விரல்களுக்கிடையில் இலேசாக அழுத்தினால், விதைத் தழும்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியிலிருந்து துளி நீர் கசியும். அதுதான் சூல்துளை. மகரந்தக் குழாய் பொதுவாக உள்ளே போகும் வழி அதுவே. பூவும் விதையும் ஒரே கதை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேறு எங்கே கிடைக்கும்? இந்த ஒரு துளி எந்தப் பாடத்திலும் விட்டுப்போகக் கூடாது.

கண்ணாடிக் குவளையின் உட்சுவரில் தடித்த காகிதத்தைச் சுற்றி வைத்து, நடுவில் கசக்கிய தாளைத் திணித்து, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையில் நான்கு விதைகளைச் செருகுங்கள்: தழும்பு ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே, மற்ற இரண்டில் பக்கவாட்டில். அடியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் போதும். விதை தண்ணீரைத் தொடக் கூடாது, தொட்டால் அழுகும். எப்படி வைத்தாலும் முளைவேர் கீழ்நோக்கியே திரும்பும். இன்னொரு குவளையை அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். அதுவும் முளைக்கும், நாற்று மட்டும் வெளுத்து நீண்டிருக்கும். பீன்ஸ் முளைக்க வெளிச்சம் தேவையில்லை, வளரத்தான் தேவை என்பது அப்போது விளங்கும். முதல் இலைகள் விரிந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும், தண்டைப் பிடித்தால் நசுங்கும்.

விதை பெறும்வரை கொண்டுபோக, வெப்பமான பருவத்தில் வெண்டையையும் குளிர்ந்த பருவத்தில் கடுகையும் பரிந்துரைக்கிறோம். வெண்டை தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. தேனீ வராத மாடியிலும் ஏமாற்றாது. முப்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டி, அடியில் வடிகால் துளை, ஓரிரவு ஊறிய மூன்று விதைகள் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில். முளைத்தபின் வலுவான ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் ஆடும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஜன்னலோரத்தில் வைத்தால் நெட்டையாகச் சாயும், பூக்காது. தழைச்சத்து உரம் கூடினால் இலையாகவே தள்ளும். ஏறக்குறைய நாற்பது முதல் ஐம்பத்தைந்து நாளில் பூ வரும்.

பூ விரிந்த அன்றே காம்பில் தளர்வாக ஒரு கம்பளி நூலைக் கட்டி, தேதி எழுதிய சீட்டைத் தொங்கவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை கரைந்துவிடும். மெல்லிய தையல் நூல் வேண்டாம். காம்பு பருக்கும்போது அறுக்கும். காலையில் விரிந்த பூ மாலைக்குள் மூடும். பிறகு இதழும் மகரந்தக் குழலும் சேர்ந்து ஒரே துண்டாக உதிரும், புல்லியும் அதோடு போய்விடும். மிஞ்சி நிற்பது விரல்நுனி அளவுள்ள, வரி ஓடிய பச்சைச் சூற்பை. உச்சியில் காய்ந்த சூலகத் தண்டு. அன்றிலிருந்து தினமும் நீளத்தை அளந்து வரைபடமாக்குங்கள். முதல் வாரத்திலேயே வேகமாக ஏறும், பிறகு நின்றுவிடும். நின்றபின்தான் உள்ளே விதை முற்றுகிறது. ஒரு செடியில் ஒன்றிரண்டு காய்களை விட்டால் போதும். முற்றும் காய்கள் அதிகமானால் செடி புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பூத்து ஐந்து ஆறு வாரத்தில் காய் பழுப்பாகிக் காய்ந்து, விளிம்புகளில் வெடிக்கும். விதைகளை எண்ணுங்கள், பக்கத்தில் சுருங்கிக் கிடக்கும் கருவுறாத சூல்களையும் எண்ணுங்கள். ஒரு விதைக்கு ஒரு சூலும் ஒரு மகரந்தக் குழாயும் தேவைப்பட்டன என்பதை அங்கே சொல்லுங்கள். விதையைக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

வட்ட வடிவப் படத்தைப் பற்றி ஒரு சொல். அதில் ஒரு விதையிலிருந்து அம்புக்குறி கிளம்பி அதே விதையில் முடிகிறது. உண்மையில் ஒரு விதை பல பத்து விதைகளாகிறது, அவற்றில் பெரும்பாலானவை செடியாவதே இல்லை. விதை தந்ததும் சாவது கடுகு மாதிரிச் செடிகள்தான்; மரம் ஆண்டுதோறும் பூத்துக்கொண்டே நிற்கும். கேரட்டும் வெங்காயமும் முதல் ஆண்டில் சேமித்து இரண்டாம் ஆண்டில் பூப்பவை. பெரணி பூப்பதே இல்லை, விதையும் இல்லை; ஸ்போர் எனப்படும் நுண்தூள்களால் பெருகும். இவ்வளவையும் சிறு வகுப்பில் சொல்ல வேண்டாம். பூவிலிருந்து விதைக்கு நேராகப் போகும் அந்த அம்புக்குறியை மட்டும் எடுத்துவிட்டு, நடுவில் காயை வரையுங்கள். பூவுக்கு வெளியிலிருந்து மகரந்தம் வரும் ஒரு சிறு அம்பையும் சேருங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஊமத்தைப் பூவும் அரளிப் பூவும் பெரிதாக, பிரிக்க வசதியாக இருக்கின்றன என்று எடுத்துவிடாதீர்கள், இரண்டும் நச்சு. செங்காந்தள், ஆமணக்கு விதை, குன்றிமணி ஆகியவையும் வகுப்புக்குள் வரக் கூடாது. கமெராரியஸின் ஆமணக்குச் சோதனையைச் சொல்லலாம், செய்ய வேண்டாம். இளஞ்சிவப்பிலோ பச்சையிலோ சாயம் பூசிய விதைப் பொட்டல விதைகளில் பூச்சிக்கொல்லியோ பூசணக்கொல்லியோ இருக்கும். குழந்தை கையில் தராதீர்கள். சிவப்பு பீன்ஸைப் பச்சையாகக் கடித்தாலே வயிற்றைப் புரட்டும். ஆஸ்துமா உள்ள குழந்தையை மகரந்த வேலையில் தள்ளி உட்கார வையுங்கள், அல்லது வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு மாறாமல் பாடம் மாறாது என்பது உங்களுக்கும் தெரியும். "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்ற கேள்விக்குப் பதிலாக, காயைக் கொடுத்துப் பூவைக் கேளுங்கள். தக்காளியின் காம்போரம் இருக்கும் பச்சை நட்சத்திரம் என்ன? புல்லி இதழ்கள். மாதுளையின் கிரீடம்? அதுவும் புல்லியே, உள்ளே எட்டிப் பார்த்தால் காய்ந்த மகரந்தத்தாள்கள்கூடக் கிடக்கும். அப்படியென்றால் தக்காளியில் புல்லி காம்புப் பக்கமும், மாதுளையில் எதிர்ப்பக்கமும் இருப்பது ஏன்? தக்காளிப் பூவில் சூற்பை புல்லிக்கு மேலே இருந்தது, மாதுளையில் கீழே இருந்தது. ஆப்பிளின் அடியில் கறுத்துச் சுருங்கிக் கிடப்பதும் அதே கதைதான். பத்து வயதுக் குழந்தைக்கு இந்தக் கேள்வி கடினம் என்று நினைக்காதீர்கள். பூங்கொத்தை அடிவரை கிள்ளிப் பார்த்த குழந்தை சொல்லிவிடும். மனப்பாடம் செய்த குழந்தையால்தான் சொல்ல முடியாது. இன்னும் மேல் வகுப்பில், பழத்தில் இரண்டு தழும்பு (காம்பு இருந்த இடம், சூலகத் தண்டு இருந்த இடம்), விதையில் ஒரே தழும்பு என்ற விதியைச் சொல்லிக்கொடுத்து, சூரியகாந்தி "விதை"யைக் கையில் கொடுங்கள். அது பழம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கால அட்டவணையில் நாங்கள் கேட்பது சிறிய மாற்றம். பருவம் தொடங்கும் முதல் வாரத்தில் விதைப்பு, இரண்டு பாடவேளை. ஏழாவது, எட்டாவது வாரத்தில், செடி பூக்கும்போது, பூவின் பாகங்கள், நான்கு பாடவேளை. இடையில் வாரத்துக்குப் பத்து நிமிடம் அளவெடுப்பு. பதினான்காவது வாரத்தில் விதை எடுப்பும் எண்ணிக்கையும். மொத்தப் பாடவேளைகள் இப்போது இரண்டு பாடங்களுக்கும் சேர்த்துச் செலவாகும் அளவில் அடங்கும். பரப்பி வைக்கிறோம், அவ்வளவுதான். சில தொட்டிகள் பட்டுப்போகும் என்பதால் வகுப்புக்கு ஆறு தொட்டியாவது வேண்டும், பத்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக விதைக்க வேண்டும். இந்த வார வரிசையை ஆசிரியர் கையேட்டில் அச்சிட்டுத் தாருங்கள். அடுத்த பதிப்பில், பூவின் நெடுக்குவெட்டுப் படம் வரும் பக்கத்திலேயே, அதே அளவுத் திட்டத்தில், அதே சூற்பை காயாகி முற்றிய குறுக்குவெட்டுப் படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தாவரவியல் கற்று, அதைக் குழந்தைகளுக்குக் கற்பிப்போர்